நோயாளி இருக்கும் வீட்டுக்கு மஞ்சள் எச்சரிக்கையே சிவப்பு

கனமழை எச்சரிக்கை வெளியான மாலையில் இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எழும் முதல் கேள்வி, "நாளைக்குப் பள்ளிக்கூடம் லீவா?" என்பதுதான். அடுத்து, பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கப்படுகின்றன. மறுநாள் மழை வலுத்தால், அய்யனார் கோவில் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க இளைஞர்கள் கிளம்புகிறார்கள். "வீட்டில் அப்பாவின் மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும்?" என்ற கேள்வியை அந்த மாலையில் கேட்கும் வீடுகள் மிகச் சில. நாங்கள் மருத்துவர்கள் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது அந்த ஒரு கேள்வியைத்தான்.

வானிலை எச்சரிக்கை ஒரு மாவட்டம் முழுவதற்கும் பொதுவாகத் தரப்படுவது. உடல் நலத்துடன் இருப்பவர் அதை அப்படியே பின்பற்றினால் போதும். நாள்பட்ட நோயாளியோ, நிறைமாதக் கர்ப்பிணியோ, படுக்கையில் கிடக்கும் முதியவரோ இருக்கும் வீட்டுக்கு அது போதாது. அத்தகைய வீடு எப்போதும் ஒரு நிறம் முன்னதாகவே செயல்பட வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஊருக்கு மஞ்சள் என்றால் உங்களுக்கு அது ஆரஞ்சு; ஆரஞ்சு என்று அறிவிக்கும்போது உங்கள் வேலைகள் யாவும் முடிந்திருக்க வேண்டும்.

நிறங்கள் சொல்வதும் சொல்லாததும்

சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் நாள்தோறும் மாவட்டவாரியாக முன்னறிவிப்பை வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வது கனமழை. 115.6 முதல் 204.4 மில்லிமீட்டர் வரை மிக கனமழை. அதற்கும் மேற்பட்டால் அதி கனமழை. இவற்றை ஒட்டியே நிறங்கள் தரப்படுகின்றன. மஞ்சள் நிறத்தின் பொருள், நிலைமையைக் கவனித்துக்கொண்டிருங்கள் என்பது. ஆரஞ்சு நிறத்தின் பொருள், தயாராக இருங்கள் என்பது. சிவப்பு நிறத்தின் பொருள், உடனே செயலில் இறங்குங்கள் என்பது.

சிவப்பு எச்சரிக்கை வந்த நாளில் அரசு மக்களிடம் கேட்டுக்கொள்வது என்ன? தேவையின்றி வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்பதே. நலமாக இருப்பவருக்கு இதைவிடச் சிறந்த அறிவுரை கிடையாது. ஆனால் வாரம் 2 அல்லது 3 முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருக்கு வீட்டிலேயே இருப்பதும் ஆபத்து. வெளியே வருவதும் ஆபத்து. பிரசவ வலி தொடங்கிய பெண்ணுக்கும், மூச்சுத் திணறும் இதய நோயாளிக்கும், ஆக்சிஜன் தீர்ந்துபோன நுரையீரல் நோயாளிக்கும் இதே நிலைதான். ஊர் வீட்டுக்குள் அடங்க வேண்டிய நாளில் அவர்கள் சாலைக்கு வர வேண்டியிருக்கிறது.

நோயாளிக்கும் மற்றவர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே. சிவப்பு நாளில் நோயாளி செய்யக்கூடியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. செய்யக்கூடிய அனைத்தும் மஞ்சள் நாளிலும் ஆரஞ்சு நாளிலும்தான் இருக்கின்றன. அப்போது சாலை திறந்திருக்கும், மருந்துக்கடை திறந்திருக்கும், மின்சாரம் இருக்கும், பேருந்து ஓடும்.

நிறம் படிப்படியாகத்தான் மாறும் என்று நம்பிக் காத்திருக்கவும் முடியாது. 2017 நவம்பர் 29 அன்று குமரிக்கடல் அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே ஒக்கி புயலாக வலுப்பெற்றது. கடலுக்குள் சென்றிருந்த மீனவர்கள் பலருக்குக் கரை திரும்ப அவகாசமே கிடைக்கவில்லை. வானம் சில வேளைகளில் இவ்வளவு குறுகிய நேரமே தருகிறது. அந்த நேரத்தில் மாத்திரைச் சீட்டைத் தேடிக்கொண்டிருப்பது இயலாத காரியம்.

"நமக்கு வராது" என்னும் நம்பிக்கை

நம் பகுதி மக்களிடம் ஒரு நிம்மதி உண்டு. கடல் வெகு தொலைவில் இருக்கிறது; மேற்கே மலை அரணாக நிற்கிறது; ஆகவே புயல் என்பது நாகப்பட்டினத்தார்க்கும் கடலூரார்க்கும் உரியது என்பது அந்த நிம்மதி. இதில் பாதி உண்மை உண்டு. கடற்கரையைச் சிதைக்கும் காற்றின் வேகம் நம்மை வந்தடைவது அரிது. ஆனால் மழையின் கணக்கு வேறு. வடகிழக்குப் பருவத்தில் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவரும் கிழக்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்புகிறது. மேலெழும்பிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. நாம் அரண் என்று எண்ணும் மலையே நம் பக்கத்துச் சரிவில் மழையைப் பெருக்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், உள்மாவட்டங்களைக் கடந்து கொடைக்கானல் மலை வரை சேதம் விளைவித்ததை மறந்துவிடலாகாது.

மலையில் பெய்யும் மழைக்கு இன்னொரு குணமும் உண்டு. ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் வந்துவிடும். அய்யனார் கோவில் ஆற்றின் அக்கரையில் பக்தர்கள் சிக்கிக்கொள்வதும், தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்பதும் நமக்குப் புதிய செய்திகள் அல்ல. சதுரகிரியில் 2015 மே மாதம் வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். அது பருவமழைக் காலமும் அன்று. மழை எச்சரிக்கை நாள்களில் மலையேற வனத்துறை தடை விதிப்பது இதனால்தான். மலையடிவாரச் சிற்றூர்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் இதைத் தங்கள் கணக்கிலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊருக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு தரைப்பாலம் இருந்தால், உங்கள் எச்சரிக்கை நிறத்தை முடிவு செய்வது அந்தப் பாலந்தான்.

இன்னொரு நம்பிக்கை நாள்காட்டியைப் பற்றியது. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. மார்கழி பிறந்துவிட்டால் பனிதான் என்று எண்ணுகிறோம். ஆண்டாள் கோவிலில் மார்கழி நீராட்ட விழாவுக்கு ஊர் ஆயத்தமாகும் நாள்களில் குடையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம். 2023 டிசம்பர் 17, மார்கழி முதல் நாள். அன்று தொடங்கிய மழை தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களை மூழ்கடித்தது. 18ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையைவிட இது அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள் வெள்ளத்தின் நடுவே சிக்கினர். கர்ப்பிணி ஒருவரை விமானப்படையின் ஹெலிகாப்டர் மீட்க வேண்டியதாயிற்று. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. இவையெல்லாம் நம்மிடமிருந்து சில மணி நேரப் பயணத் தொலைவில் நடந்தவை. அடுத்த ஆண்டு, 2024 டிசம்பர் நடுவில், நம் பக்கத்துக் குற்றாலத்திலும் வெள்ளம் கரை புரண்டது.

"போன தடவையும் சொன்னார்கள், பெய்யவில்லையே!"

எங்கள் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஆரஞ்சு என்றார்கள், தூறலோடு போய்விட்டது. எனவே அடுத்த எச்சரிக்கையைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். இந்த முடிவு நேர்மையான அனுபவத்திலிருந்து பிறந்ததே. ஆயினும் இது தவறான முடிவு என்பதற்கு 2 காரணங்கள் உள்ளன.

முதலாவது, அறிவிப்பின் சொற்கள். "விருதுநகர் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை" என்று வானொலி சொல்கிறது. இங்கே "ஓரிரு இடங்கள்" என்பது பேச்சுவழக்கன்று. அளவு குறித்த சொல். அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்கோ அதற்கும் குறைவாகவோ மழை பதிவாகும் என்பதே அதன் பொருள். வத்திராயிருப்பில் கொட்டித் திருச்சுழியில் துளியும் விழாவிட்டாலும் அறிவிப்பு மெய்யானதே. நாம் இருக்கும் தெருவில் பெய்யாததை மட்டும் பார்த்து அறிவிப்பைப் பொய் என்கிறோம்.

இரண்டாவது, இழப்பின் கணக்கு. உங்கள் இரத்த அழுத்தம் 180 இருக்கிறது, மருந்து உட்கொள்ளாவிடில் பக்கவாதம் வரலாம் என்று நாங்கள் சொல்கிறோம். அந்த மாதம் பக்கவாதம் வரவில்லை. அதனால் எங்கள் எச்சரிக்கை பொய்யாகிவிடுமா? மருந்து உண்டவர் இழப்பது நாளொன்றுக்கு ஒரு மாத்திரை. உண்ணாதவர் இழக்கக்கூடியது ஒரு கையும் ஒரு காலும் பேச்சும். மழை எச்சரிக்கையும் இத்தகையதே. 10 முறை முன்னேற்பாடு செய்து 9 முறை மழை பெய்யாவிட்டால், வீட்டில் மாத்திரை மிச்சமிருக்கும். அது அடுத்த வாரம் பயன்படும். 10 முறையும் சும்மா இருந்து ஒரே ஒரு முறை மழை பெய்தால், அந்த ஒரு முறை போதும்.

புயல் கொல்வதும் புயலுக்குப் பின் கொல்வதும்

பேரிடர் என்றதும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டவரையும் சுவர் இடிந்து இறந்தவரையும்தான் கணக்கில் கொள்கிறோம். சிகிச்சை தடைப்பட்டதால் இறப்பவர் அந்தக் கணக்கில் வருவதில்லை. 2017 செப்டம்பரில் மரியா என்னும் புயல் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியது. இறந்தோர் 64 பேர் என்று அந்த அரசு முதலில் அறிவித்தது. பின்னர் நடந்த பல்கலைக்கழக ஆய்வொன்று, அடுத்து வந்த மாதங்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தோர் ஏறத்தாழ 2,975 பேர் என்று மதிப்பிட்டது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. வீடு வீடாகச் சென்று நடத்தப்பட்ட வேறோர் ஆய்வில், இறப்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் மருத்துவ வசதி தாமதமானதும் தடைப்பட்டதுமே என்று குடும்பத்தார் தெரிவித்தனர். மின்சாரம் போனது; இயந்திரங்கள் நின்றன; மருந்து தீர்ந்தது; சாலை மூடியது. அவ்வளவுதான் நடந்தது.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. 2012 அக்டோபர் இறுதியில் சாண்டி புயல் அமெரிக்காவின் நியூயார்க், நியூஜெர்சி கரைகளை நெருங்கியபோது, பல டயாலிசிஸ் மையங்கள் நோயாளிகளை முன்கூட்டியே வரவழைத்து, முறை நாளுக்கு முன்பே டயாலிசிஸ் செய்து அனுப்பின. அவ்வாறு செய்துகொண்டோரையும் செய்துகொள்ளாதோரையும் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தனர். முன்னதாகவே செய்துகொண்டோரிடையே அவசரப் பிரிவுக்கு வருவதும், மருத்துவமனையில் சேர்க்கப்படுவதும், அடுத்த 30 நாள்களில் ஏற்படும் இறப்பும் குறைவாக இருந்தன. புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. எச்சரிக்கையைக் கேட்டு, நாளை முன்னால் நகர்த்தினார்கள். அதுவே உயிர்களைக் காத்தது.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியவை

டயாலிசிஸ் செய்துகொள்வோர், எச்சரிக்கை வந்த அன்றே தங்கள் மையத்தை அழைத்து, முறை நாளை முன்னதாக மாற்ற இயலுமா என்று கேளுங்கள். தவறிப்போனால் அடுத்த முறை வரும்வரை நீரையும் உப்பையும் மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் தொடாதீர்கள். இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, தக்காளி, உருளைக்கிழங்கு, கீரை ஆகியவற்றில் பொட்டாசியம் மிகுதி. காற்றில் விழுந்த இளநீரை வீணாக்க மனமின்றிக் குடித்துவிடுவது தென்னந்தோப்புகள் நிறைந்த நம் பகுதியில் இயல்பு. பிறருக்கு அது அமுதம். சிறுநீரகம் செயலிழந்தவரின் இதயத்தை அது நிறுத்திவிடக்கூடும்.

இன்சுலின் போட்டுக்கொள்வோர், மின்சாரம் போனதும் மருந்து கெட்டுவிட்டதாக எண்ணி வீசிவிட வேண்டியதில்லை. பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பயன்பாட்டில் உள்ள குப்பியோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில், மிகுந்த வெப்பம் படாத இடத்தில் ஏறத்தாழ 4 வாரம் வரை நன்றாகவே இருக்கும். பெரிய மண்பானையில் ஈர மணலை இட்டு, அதனுள் சிறு பானையை வைத்து, அதில் இன்சுலினைப் பாதுகாக்கலாம். பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் பயன்படாது. மழை நாளில் வேளைக்கு உணவு கிடைக்காமல் போகலாம், சர்க்கரை தாழ்ந்துவிடலாம். ஆகவே சர்க்கரையோ குளுக்கோஸோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருப்போர், அது மின்சாரத்தால் மட்டுமே இயங்குவது என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் இன்வெர்ட்டர் அதை எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை இன்றே மின்பணியாளரிடம் கேட்டறியுங்கள். மாற்றாக ஒரு சிலிண்டர் இருப்பது நல்லது. பி வகை சிலிண்டரில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரத்துக்குச் சற்று மேல் வரும். அதற்குள் மின்சாரம் வராவிட்டால் எங்கே செல்வது என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். கஜா புயலுக்குப் பின் டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று.

நிறைமாதக் கர்ப்பிணிகள், பிரசவ தேதி நெருங்கியிருந்தால், வலி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கோ அதன் அருகிலுள்ள உறவினர் வீட்டுக்கோ முன்னதாகவே வந்துவிடுங்கள்.

இதய நோய், இரத்த அழுத்தம், வலிப்பு, காசநோய், மனநலம் ஆகியவற்றுக்கு மருந்து உட்கொள்வோர்க்கும், இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டு மாத்திரையோ உட்கொள்வோர்க்கும் ஒரே விதிதான். ஐப்பசி முதல் தை வரை, வீட்டில் 2 வாரத்துக்கான மருந்து எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். இவற்றுள் சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதே உயிருக்கு ஆபத்தாக முடியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே மருந்து பெறுவோர், அடுத்த தவணையைச் சில நாள் முன்னதாகவே தருமாறு பணியாளரிடம் கேளுங்கள்.

எல்லா வீட்டிலும் ஒரு நெகிழிப் பை ஆயத்தமாக இருக்கட்டும். மருந்துகள், மருந்துச் சீட்டு, கடைசிப் பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு அட்டை, மூக்குக்கண்ணாடி, முழுதும் சக்தியேற்றிய கைப்பேசி, சிறிது பணம் ஆகியவை அதில் இருக்கட்டும். மருந்துச் சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவையுங்கள். தாள் நனைந்தாலும் படம் இருக்கும்.

நெஞ்சுவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் செயலிழத்தல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் மழை நிற்கட்டும் என்று ஒரு நிமிடமும் காத்திராதீர்கள். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். உயர் சிகிச்சைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரையை நம்பியிருக்கும் நமக்கு அந்த நேரம் மிகக் குறுகியது. 108க்கு அழையுங்கள், சாலை துண்டிக்கப்பட்டிருந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் சொல்லுங்கள். மருத்துவ ஆலோசனை மட்டும் வேண்டுமெனில் 104 இருக்கிறது.

இயலாதவர்க்கு யார் செய்வது?

இவ்வளவையும் படித்த ஒருவர், "இதெல்லாம் வசதி உள்ளவர்க்கு" என்று சொல்லக்கூடும். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. சத்திரப்பட்டியில் கட்டுத்துணி நெய்யும் தொழிலாளிக்கும், நூற்பாலையில் ஷிப்ட் பார்க்கும் பெண்ணுக்கும், டயாலிசிஸ் நாளை மாற்றுவது என்றால் ஒரு நாள் கூலி போவது என்று பொருள். மாற்று சிலிண்டர் வாங்குவது அவர்களால் ஆகாது. எனவே, முன்னேற்பாட்டை நோயாளியின் பொறுப்பாக மட்டும் விட்டுவிடுவது நீதியன்று என்றும் நாங்கள் கருதுகிறோம்.

புயல் எச்சரிக்கை வந்தால், பேறுகாலம் நெருங்கிய பெண்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அவர்களை முன்கூட்டியே மருத்துவமனைகளுக்கு அழைத்து வருவது தமிழகச் சுகாதாரத் துறை கைக்கொண்டுவரும் நல்ல வழக்கம். கிராமச் சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரையும் தேதியையும் அறிவார். அதே முறையை டயாலிசிஸ் நோயாளிகளுக்கும், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்போர்க்கும், படுக்கையில் இருப்போர்க்கும் விரிவாக்க வேண்டும். நகராட்சியும் ஊராட்சியும் சுகாதாரத் துறையும் சேர்ந்து வட்டந்தோறும் இப்படியொரு பட்டியலை ஐப்பசிக்கு முன்பே ஆயத்தம் செய்துவிட முடியும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது; எச்சரிக்கை நாள்களில் முறை நாளை முன்னதாக மாற்றிக்கொள்ள வழி எளிதாக இருந்தால் போதும்.

மருத்துவமனைகளுக்கும் இதில் பங்குண்டு. ஆரஞ்சு எச்சரிக்கை வந்ததும் நோயாளி அழைக்கட்டும் என்று காத்திராமல், மருத்துவமனையே நோயாளியை அழைக்க வேண்டும். டயாலிசிஸ் பிரிவு கூடுதல் முறைகளை நடத்த ஆயத்தமாக வேண்டும். ஜெனரேட்டரும் ஆக்சிஜன் இணைப்பும் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். மழைக்கால மாதங்களில் மருந்து எழுதும்போது 2 வாரம் கூடுதலாக எழுதித் தர வேண்டும். எந்த மருத்துவமனையிலும் இவற்றைக் கேட்கும் உரிமை நோயாளிக்கும் குடும்பத்தார்க்கும் உண்டு, தயங்காமல் கேளுங்கள். கேள்வி வந்தால்தான் ஏற்பாடும் வரும்.

ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தனியே வாழும் முதியவர் எவர், அவர் என்ன மருந்து உண்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். மாவட்ட ஆட்சியருக்குத் தெரியாது. எச்சரிக்கை வந்த மாலையில் அவர் வீட்டுக் கதவை ஒரு முறை தட்டிக் கேளுங்கள். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெற்றோர் மட்டும் ஊரில் இருக்கும் வீடுகள் நம் இரு ஊர்களிலும் ஏராளம். அவ்வீடுகளுக்கு முதல் மீட்புப் படை பக்கத்து வீட்டாரே.

மழை விட்ட பிறகு

மழை நின்றதும் எச்சரிக்கையின் நிறம் பச்சையாகிவிடும். நோயாளிக்கு அது இன்னும் பச்சையன்று. தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் உள்ள சிறு வெடிப்பு, சேற்று நீர் பட்டுப் பெரும்புண்ணாகி, காலையே இழக்கச் செய்யக்கூடும். செருப்பின்றி வெளியே செல்லாதீர்கள். வந்ததும் பாதத்தைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் பாருங்கள். குடிநீரை நன்கு கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்து இயக்காதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணமில்லை. மழைக்குப் பின் ஓரிரு வாரங்களில் காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காலத்தைப் போக்காமல் மருத்துவரிடம் வாருங்கள். டெங்கு தலைகாட்டுவது அந்த நாள்களில்தான்.

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமே. ஆறாவது மைல் நீர்த்தேக்கம் நிரம்புவதும், பிளவக்கல் அணைக்கு நீர் வருவதும், நம் கண்மாய்கள் பெருகுவதும் இந்த மழையால்தான். மழையை அஞ்சி வெறுக்கச் சொல்வது எங்கள் நோக்கமன்று. மழை வரட்டும்; ஊர் செழிக்கட்டும். அது வருவதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரைகளை ஒரு முறை எண்ணிவிடுங்கள். 2 வாரத்துக்குக் குறைவாக இருந்தால், மருந்துக்கடைக்குப் போக வேண்டிய நாள் இன்றே.